பழியை இறக்கி வைப்போம்

"அண்ணன் எப்படி உட்கார்ந்து படிக்கிறான் பார்!" இதைச் சொல்லாத வீடு அரிது. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சோற்றைத் தின்று வளரும் இருவரில் ஒருவன் நிதானமாக இருக்கிறான், மற்றவனுக்கோ கால் தரிப்பதில்லை. உடனே இரண்டாமவனுக்குத் திமிர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது அநியாயம் என்பதற்கு வலுவான சாட்சி இரட்டையர் ஆய்வுகளில் இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நவோமி ஃப்ரீட்மன், அகிரா மியாக்கே குழுவினர் பதின்வயது இரட்டையரை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். திரையின் ஒரு பக்கம் ஒளி மின்னும். கண் தானாக அங்கே ஓடும். அதை ஓடவிடாமல் மறுபக்கம் பார்க்க வேண்டும். இப்படிப் பல சோதனைகள். மனத்தை இழுத்துப் பிடிப்பது, நினைவில் வைத்திருப்பதை அவ்வப்போது புதுப்பிப்பது, ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய மூன்றுக்கும் அடியில் ஒரு பொதுத் திறன் உண்டு. அதில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் 99 சதவீதத்துக்கு மரபணுவே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள்.

கணக்கின் அடிப்படை எளிது. ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் அநேகமாக முழுக்க ஒன்றே. இருகரு இரட்டையர், மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். இரு வகையினரும் வளர்வது ஒரே வீட்டில்தான். அப்படியிருந்தும் ஒருகரு ஜோடிகள் மிக அதிகமாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒப்புமை மரபிலிருந்து வந்தது.

மூளையின் வேலையிலும் இது தெரிகிறது. ஒருகரு இரட்டையரின் மூளை அலைகள் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதை வில்லியம் லெனாக்ஸும் கிப்ஸ் தம்பதியும் 1945-லேயே காட்டினார்கள். 2011-இல் ஆஸ்திரேலிய இரட்டையர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்து நினைவாற்றல் பயிற்சி ஒன்றைச் செய்தார்கள். அப்போது மூளையின் சில பகுதிகளின் செயல்பாட்டில் காணப்பட்ட வேறுபாட்டில் 40 முதல் 65 சதவீதம் மரபு சார்ந்தது என்று தெரிந்தது.

'அப்படியானால் எல்லாம் தலையெழுத்து' என்று கைகழுவத் தோன்றும். அது பெரும் தவறு. 99 சதவீதம் என்பது ஒரு குழந்தைக்குள் மரபுக்கும் வளர்ப்புக்கும் பிரித்துக்கொடுத்த பங்கு அல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. சூழல் மாறினால் கணக்கும் மாறும். எரிக் டர்க்ஹைமர் 2003-இல் ஏழு வயது அமெரிக்க இரட்டையரின் நுண்ணறிவு மதிப்பெண்களை ஆராய்ந்தார். வசதியான வீடுகளில் மரபின் பங்கு பெரிதாக இருந்தது. ஏழை வீடுகளிலோ அது ஏறத்தாழ இல்லாமலே போய், வீட்டுச் சூழலே மேலோங்கி நின்றது. மரபு தருவது வெளிப்படவே வயிற்றுக்குச் சோறும் அமைதியான வீடும் வேண்டும்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். டெரி மோஃபிட் குழுவினர் 2011-இல் பிரிட்டிஷ் இரட்டையரைப் பற்றி எழுதினார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளில், 5 வயதில் சுயக்கட்டுப்பாடு குறைந்திருந்தவருக்கே 12 வயதில் புகைபிடிக்கத் தொடங்கவும் படிப்பில் பின்தங்கவும் கூடுதல் வாய்ப்பு இருந்தது. ஆக, நம்மிடம் அதிகத் திட்டு வாங்கும் பிள்ளைக்குத்தான் நம் துணை அதிகம் தேவை.

கண் மங்கலாகத் தெரியும் பிள்ளையை யாரும் அடிப்பதில்லை, கண்ணாடி வாங்கித் தருகிறோம். மனம் அலைபாயும் பிள்ளைக்கும் அந்த நியாயம் பொருந்தும். முன்பெஞ்சில் இடம் கொடுங்கள். நான்கு வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். நடுநடுவே எழுந்து ஓட விடுங்கள். உடன்பிறந்தவரோடு ஒப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை கேட்டு வாங்கி வந்த குணமல்ல அது. நாம் கொடுக்கும் சூழல் மட்டுமே நம் கையில் இருக்கிறது, அதற்கு நாம்தான் பொறுப்பு.