ஹெரால்டும் என் நாலு பவுனும்



போன மாதம் இந்தப் பகுதியில் ஈரோட்டுச் சகோதரி ஒருவர், தன் வீட்டுக்காரர் ஓட்டை ஜீப் ஒன்றை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறார், 'ரப்பர் டயர் போட்ட சக்களத்தி வந்துவிட்டாள்' என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நானும் என் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரம் அவருக்குப் பதிலாக வந்த கடிதங்களைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. 'குடிக்கிறாரா? இல்லை. சீட்டாடுகிறாரா? இல்லை. அப்புறம் என்னம்மா, ஒரு வண்டிதானே, விட்டுக்கொடுத்துப் போங்கள்.'

குடிக்காததற்கு ஒரு மனுஷனுக்கு எத்தனை வருஷம்தான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பது? நான் கூடத்தான் குடிப்பதில்லை. எனக்கு யாரும் கார் வாங்கித் தரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை. லாரிக்கு பாடி கட்டுவதும் டிங்கரிங் பட்டறைகளும் நிறைந்த ஊர் என்பதால், எதையும் பிரித்துப் பூட்டிவிடலாம் என்ற தைரியம் அங்கே இருக்கிற ஆண்களுக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் சேலத்தில் யார் வீட்டுக் கொட்டகையிலோ தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த 1964-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை 85 ஆயிரம் கொடுத்து வாங்கி வந்தார். வந்தது கூட ஓடி வரவில்லை, லாரி மேல் ஏறி வந்தது. தெருவே கூடிவிட்டது. போர்வெல் போடத்தான் ரிக் வண்டி வந்திருக்கிறது என்று நினைத்து, 'எத்தனை அடிக்குப் பேசியிருக்கீங்க?' என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாரே பார்க்கலாம்! முன்பக்க மூடியைத் திறந்தால் எலிக்கூடு.

இரண்டே கதவுள்ள கார். பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டை மடித்து, உடம்பையும் மடித்துக்கொண்டு போக வேண்டும். 'இது என்னங்க குடும்பக் காரா?' என்றால், 'இது ஸ்போர்ட்ஸ் கார் ஜாதி, உனக்குத் தெரியாது' என்பார். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பேரில் வந்ததாம். வரைந்து கொடுத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். இதன் சட்டத்தை வைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்களாம். இங்கே சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இலிருந்து ஹெரால்டைச் செய்தது. அந்தக் கம்பெனியும் மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 948 சி.சி. என்ஜின். பானெட்டைத் திறந்தால் முன்பக்க மட்கார்டோடு மொத்தமாக முன்னால் சாய்ந்து, முதலை வாயைத் திறந்தது மாதிரி நிற்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பட்டறை ஆட்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்துத் தெரிந்ததுதான். 2000-ஆம் வருஷத்திலேயே நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள், பழைய என்ஜினில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி, இப்போது எத்தனால் வேறு நூற்றுக்கு இருபது கலக்கிறார்கள், அந்தக் காலத்து ரப்பர் குழாயை அது அரித்துவிடும் என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல, எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒவ்வொரு 'அரித்துவிடும்' என்ற சொல்லும் ஒரு பில்தானே!

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். கிரீஸ் கறை படிந்த லுங்கியைத் தனியாக ஊறவைத்தேன். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை வைத்துக் கூத்தடிக்கிறாரே என்று உறவுக்காரர்கள் சொன்னபோது அவருக்காகப் பரிந்துகூடப் பேசினேன். உண்மையைச் சொன்னால், ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கார்புரேட்டரை அவர் துடைக்கிற அழகைப் பார்த்தால், கல்யாணமான புதிதில் பார்த்த ஆள் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அதைச் சக்களத்தி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது வருஷம் என் அண்ணன் மகள் கல்யாணம். பெட்டியைத் திறந்தால் அம்மா போட்ட நாலு பவுன் சங்கிலி இல்லை. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினேன், வேலைக்கு வருகிற பெண்ணைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். (அந்தப் பாவத்தை நான் எங்கே போய்க் கழுவுவேன்?) சாயங்காலம் அவர் வந்து, 'என்ஜினுக்கு போரிங், பிஸ்டன், கிராங்கு கிரைண்டிங்... தொண்ணூறாயிரம் ஆயிடுச்சு. அடகுதான் வெச்சிருக்கேன், விக்கலையே. தைக்குள்ள மீட்டுடலாம்' என்றார்.

சகோதரிகளே, அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது பணத்துக்காக அல்ல. என்னைக் கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேனோ என்னமோ. கேட்கவே இல்லை என்பதுதான். கேட்டால் மறுத்துவிடுவேன் என்று அவர் நினைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கவரிங் சங்கிலியோடு கல்யாணத்தில் நின்றேன். போட்டோவில் எல்லோருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குத் துணைக்கு வந்தது என் மாமியார், நம்புங்கள். மகனுக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: 'உங்க மாமா ரேக்ளாக் காளை ரெண்டு வெச்சிருந்தாரு கண்ணு. நாங்க கம்மங்கஞ்சி குடிப்போம், காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துவோம். விடியங்காட்டி எந்திரிச்சு ஆட்டுனவ நானு. பந்தயத்துல ஜெயிச்சா மாலை அவருக்கு ஒண்ணு, காளைக்கு ஒண்ணு. ஆட்டாங்கல்லுக்கு ஒரு பூவுகூட யாரும் வெக்கல.' அப்புறம் மகனைக் கூப்பிட்டு, 'அந்தப் புள்ள சங்கிலி வர்ற வரைக்கும் இந்த வண்டிக்கு ஒரு போல்ட்டு நட்டு வாங்கினாலும் என்ர கண்ணுல படக்கூடாது' என்றார்.

கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பேரைச் சொல்லும் ஜீடீ கார் மியூசியம் 2015-இல் திறந்தார்கள். என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, ஒரு லீவில் அங்கே கூட்டிப் போனார். முதல் பென்ஸ் வண்டியின் மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது, மூன்று சக்கரம். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் மகள் அந்த வண்டியின் கதையைப் படித்துச் சொன்னாள். அதைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கல்யாணத்துக்கு முன்பே தன் சீர்ப்பணத்தை வாங்கி அவர் தொழிலில் போட்டவராம். ஆனால் 1886-இல் வாங்கிய காப்புரிமை கணவர் பேரில்தான். வண்டியை வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் இந்த அம்மா கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போயிருக்கிறார். எண்ணெய் தீர்ந்தால் வழியில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றி, குழாய் அடைத்துக்கொண்டால் தொப்பி ஊசியால் குத்தி எடுத்து, பிரேக் கட்டை தேய்ந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் தோல் அடிக்கச் சொல்லி, மேட்டில் ஏறாதபோது பையன்களைத் தள்ளச் சொல்லி! அதற்குப் பிறகுதான் ஊர் உலகம் அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்ததாம். 'பாத்தியா, அந்தம்மா வீட்டுக்காரருக்கு எவ்வளவு ஒத்தாசை' என்றார் இவர். 'அந்தம்மா தானே கொடுத்தாங்க, அடகுச் சீட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கல' என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

நான் வண்டியை விற்கச் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் போட்டேன், அவ்வளவுதான். கடை வருமானத்தில் வீட்டுச் செலவு, மகள் காலேஜ், மாமியார் மருந்து, நகை வட்டி போக மிஞ்சுவதில் இவ்வளவு காருக்கு என்று மாதாமாதம் எழுதினோம். முதல் ஏழெட்டு மாதம் கார் பத்தியில் சைபர்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் எழுதினார்.

அப்புறம் ஒரு புது ஆசை வந்தது. 2021-இல் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டு வந்தது. ஐம்பது வயசுக்கு மேல் இருக்க வேண்டும், அசல் உருவத்தில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபடி பதிய 5,000. புதிதாகப் பதிகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். இவருக்கு அந்த எழுத்தின் மேல் கண். நான் உட்கார்ந்து விதி முழுவதையும் படித்தேன். அப்படிப் பதிந்த வண்டியைச் சாதாரணமாகத் தினப்படி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இவ்வளவுக்குத்தான் தெருவில் இறக்கலாம். 'அப்படின்னா நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்கக்கூட இதுல போக முடியாது. நாலு பவுன் சங்கிலி ஆறு மாசம் பெட்டியில் இல்லாம இருந்தது, ஊர்வலம் விடறதுக்கா?' என்று கேட்டேன். சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதும் லேசில்லை. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். இருந்தாலும் அதையே கட்டச் சொன்னேன். கார் என்று இருந்தால் அதில் நாங்களும் ஏற வேண்டும்.

இப்போது நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக அவரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி, 'அறுபது வயசு வண்டி, இதனால என்னங்க பிரயோஜனம்?' என்பதுதான். போன வருஷம் நான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழுக்குப் பணம் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கினவள், பி.ஏ.யோடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: 'இந்த வயசுல எம்.ஏ. படிச்சு என்ன பிரயோஜனம்?' எனக்குச் சுருக்கென்றது. கேட்ட பிறகு அவருக்கும் சுருக்கென்றிருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். பிரயோஜனம் இல்லாமல் ஒன்று வேண்டும் என்று அவருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அவருடையது தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, என்னுடையது அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. நோட்டில் இப்போது காருக்குப் பக்கத்தில் 'படிப்பு' என்று ஒரு பத்தி. அதில் நான் எழுதுகிற தொகையைக் காருக்குப் பாதி என்றுகூட வைக்க எனக்குத் துணிச்சல் வர மூன்று மாதம் ஆனது. யாரும் தடுக்கவில்லை, எனக்கே கை வரவில்லை.

ஆகவே 'விட்டுக்கொடுங்கள்' என்று எழுதிய சகோதரிகளிடம் கேட்கிறேன். விட்டுக்கொடுப்பதென்றால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு, யார் கணக்கிலிருந்து என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்களேன். ஜீப் வந்திருக்கிற ஈரோட்டுச் சகோதரிக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சக்களத்தி என்று திட்டுவதை நிறுத்திவிட்டு, இன்றைக்கே நகைப் பெட்டியைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எல்லாம் இருந்தால் அவரோடு உட்கார்ந்து டீ குடியுங்கள், அந்த என்ஜினைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள், பாதி புரியும். இல்லையென்றால் நோட்டுப் போடுங்கள்.

என் சங்கிலி தைக்கு வரவில்லை, சித்திரைக்கு வந்தது. கழுத்தில் போட்டிருக்கிறேன். எனக்கு அடுத்த மாதம் சேலத்தில் பரீட்சை. ஹெரால்டிலேயே கொண்டு போய் விடுகிறேன், ரேடியேட்டர் எல்லாம் சரி பண்ணியாச்சு என்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸுக்கும் சில்லறை எடுத்து ஹால் டிக்கெட்டோடு வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, ராசிபுரம்