சராசரிச் சம்பளம்

பரீட்சை முடிவு வெளியாகும் காலத்தில் நம் வீட்டுத் திண்ணையில் தகப்பனார்களுக்குக் குறைவே இராது. சென்ற வாரம் வந்தவர் ஓர் எஞ்சினீயரிங் கலாசாலையின் வழவழப்பான விளம்பரத் தாளை விரித்து, "இங்கே படித்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் மாதம் முப்பதாயிரமாம், ஸார்! நிலத்தை ஈடு வைத்துவிடலாமா?" என்றார்.

நாமோ பாடம் சொல்லிப் பழகியவர்கள். உடனே கணக்குப் போட்டுக் காட்டினோம். ஒன்பது பேருக்குத் தலைக்கு 20,000 ரூபாய், பத்தாமவருக்கு 1,20,000. கூட்டி வகுத்தால் சராசரி 30,000. அந்த முப்பதாயிரத்தை வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை! வேலை கிடைக்காதவர்களோ இந்தக் கணக்கில் சேருவதே கிடையாது.

அவர்கள் தொகை அற்பமன்று. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் நம் தேசத்து இளம் பட்டதாரிகளில் 100-க்கு 29 பேர் வேலையற்றிருந்தனர். எழுத்தறியாத இளைஞர்களிலோ 3 பேர்தான். படிப்பினால் வந்த கேடு என்று எண்ண வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளை கிடைத்த கூலிக்குப் போகிறான்; சும்மா இருக்க அவனுக்கு வகையில்லை. பட்டதாரி காத்திருக்கிறான். 2024-ல் தமிழ்நாடு சர்க்காரின் நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு, முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்காக, 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேறினாலே போதும்! இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் ஆரம்பம், அகவிலைப்படி தனி. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளிலோ, புதிதாய்ச் சேரும் எஞ்சினீயரின் சம்பளம் 2010-க்குப் பின் பத்தாண்டுக்கு மேலாக, வருஷம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றுவிட்டது. விலைவாசி நிற்கவில்லை. தனியார் பள்ளி உபாத்தியாயர்களின் சம்பளத்தைப் பற்றி நாம் பேசாதிருப்பதே உத்தமம்.

பின் எதைத்தான் கேட்பது? மத்திய கல்வி அமைச்சின் தரவரிசைக்கு மனுச் செய்யும் கலாசாலைகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். இடைநிலைச் சம்பளத்தையும் சொல்லவேண்டும். அதாவது, வேலை பெற்றவர்களைச் சம்பளப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. நம் திண்ணைக் கணக்கில் அது 20,000 தான். கலாசாலையாரே தரும் கணக்காயினும், சேர்ந்தவர் தொகையையும் வேலை பெற்றவர் தொகையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட நண்பர், விளம்பரத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பையன் ஆசைப்படுகிறானே, ஸார்!" என்றார். பணம் கட்டக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமையாம்.