மறைப்பணியாளர் மடல்களும் எழுத்துத் திறனும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையின் இளம் மறைப்பணியாளர்கள் வாரந்தோறும் வீட்டுக்கு மடல் எழுதுவது நெடுநாள் வழக்கம். அம்மடல்களில் பிழை மலிந்துள்ளது என்னும் குறை அவ்வப்போது எழுகிறது. 2012இல் ஆடவர்க்குரிய தொடக்க வயது 19இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டமையால், பள்ளிக் கல்வி முடிந்தவுடனேயே பணிக்குச் செல்ல வாய்ப்பு ஏற்பட்டது. பயிற்சிக் குறைவுக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

எனினும் எழுத்துப்பிழையினும் பெருங்குறை வேறொன்று. ‘சிறப்பான வாரம்’, ‘அன்பான மக்கள்’ போன்ற பொதுத்தொடர்கள், கண்டதையும் கேட்டதையும் மறைத்துவிடுகின்றன. தாய்க்கென எழுதப்பட்ட தாள்மடல், பலர்க்கும் ஒருசேர அனுப்பும் மின்னஞ்சலாக மாறியதன் விளைவு இது. யாருக்கு எழுதுகிறோம் என்னும் தெளிவின்றி எழுதுவோர்க்குப் பொதுத்தொடரே புகலிடம்.

2019 முதல் வாரந்தோறும் வீட்டாருடன் பேச இசைவு உள்ளமையால் மடலே வேண்டா என்பாரும் உளர். அது பொருந்தாது, பேச்சு நிலைப்பதில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகம் பேணிவரும் பழைய மறைப்பணியாளர் நாட்குறிப்புகளிலும் பிழைகள் உண்டு. ஆயினும் நடந்த வழியும் தங்கிய வீடும் அவற்றில் பதிவாகியிருப்பதால் அவை வரலாற்றுச் சான்றுகளாயின. ஆகவே, கண்டதை ஒருவர்க்கென எழுதும் பயிற்சியே இவ்விளைஞர்க்கு முதலில் வேண்டுவது. இலக்கணத் திருத்தம் அதன் பின்னரே.