குத்துச்சண்டைக் கூடத்திற்கு மகனை அனுப்பும் முன்



மகனைக் குத்துச்சண்டைப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று சேலம், நாமக்கல் பகுதிப் பெற்றோர் சிலர் மக்தபில் நம்மிடம் கேட்கின்றனர். கூடும், கூடாது என்ற ஒற்றைச் சொல்லையே எதிர்பார்க்கின்றனர். பயிற்சி வேறு, போட்டி வேறு என்பதால் விடையைப் பிரித்தே சொல்ல வேண்டியுள்ளது.

பிள்ளைகளின் ஆர்வத்திற்கு நிகத் ஸரீன் ஒரு காரணம். தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த அவர் 2011இல் இளையோர் உலகப் பட்டம் வென்றார். பெரியோர் உலகப் பட்டம் கிடைத்ததோ 2022இல், இஸ்தான்புல்லில். இடையில் பதினோர் ஆண்டுகள். அவற்றில்தான் 2017இன் தோள்பட்டைக் காயமும், 2019இல் மேரி கோமிடம் தகுதிச் சுற்றில் கண்ட தோல்வியும் அடங்கும். நம் பிள்ளைகள் கைப்பேசியில் காண்பது பதக்கத்தை. பதினோர் ஆண்டுகளை எவரும் காணொளியாக்குவதில்லை.

அமெச்சூர் குத்துச்சண்டையில் 15, 16 வயதினர் ஜூனியர்; 17, 18 வயதினர் யூத்; 19 முதல் எலைட். இதற்குள் எடைப் பிரிவுகள் உண்டு. ஆயினும் வயதும் எடையும் ஒத்திருப்பதால் அனுபவம் ஒத்துவிடாது. மூன்று மாதம் பயின்றவனும் முப்பது போட்டி கண்டவனும் ஒரே தராசில் ஒரே எடை காட்டுவர். அமெரிக்காவில் பத்துப் போட்டிகளைத் தாண்டாதவரைப் புதியவர் என்று தனியே வகுத்திருக்கின்றனர். இங்கே எதிராளி எத்தனை முறை மேடையேறியவன் என்பதைப் பெற்றோரே கேட்டறிவது நல்லது. பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் கேட்க வேண்டும்.

தகுதி வரும்வரை நிறுத்திவைப்பது நமக்குப் புதிதன்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்கு வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பதினைந்தில் அகழ்ப் போருக்கு அனுமதித்தார்கள். ஆர்வத்தில் அந்தச் சிறுவருக்குக் குறைவிருந்ததா என்ன?

இனி, தட்டிக்கழிக்க முடியாத செய்திக்கு வருவோம். சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. குத்துச்சண்டையிலோ முகமே முதல் இலக்கு. மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1987இல் கூடி, இன்று நடைபெறும் முறையிலான குத்துச்சண்டை மார்க்கத்தில் ஆகுமானதன்று என்று தீர்மானித்தது. நாமும் அதன் பக்கமே நிற்கிறோம்.

‘இது புள்ளிகளுக்கான விளையாட்டு, பகைமை இல்லை, கையுறை இருக்கிறது’ என்று இளைஞர்கள் வாதிடுகின்றனர். பகைமை இல்லை என்பது உண்மையே. ஆனால் நாக்-அவுட் ஆனவரைக் குறைந்தது 30 நாள் மேடையேறவிடக் கூடாது என்று அந்த விளையாட்டின் விதியே சொல்கிறது. மூளைக்கு அடி பட்டிருக்கலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கின்றனர். பெரியோர் ஆண்கள் பிரிவில் தலைக்கவசத்தை 2013இல் எடுத்தும் விட்டனர். நாம் நேசிக்கும் முஹம்மது அலீக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. வாங்கிய அடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை மருத்துவர்கள் விவாதிக்கட்டும். நடுங்கிய அந்தக் கைகளை உலகமே கண்டது.

எனினும் கூடத்தின் வாசலையே மூடச் சொல்ல நமக்கு மனமில்லை. ஓட்டம், கயிறு தாண்டல், மணற்பையில் குத்துதல், காலடிப் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு இவற்றில் மார்க்கம் வெறுக்க ஏதுமில்லை. முழங்காலை மறைக்கும் உடையும் தவறாத தொழுகையும் இருக்கட்டும். முகத்தில் அடிக்காத, அடி வாங்காத பயிற்சி என்பதைச் சேர்க்கும் நாளிலேயே பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம். மேடையில் மோத விரும்பும் பிள்ளைக்கு மல்யுத்தத்தைக் காட்டலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்லுக்கு நின்ற செய்தி உண்டு, அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருந்தபோதிலும்.

ஏற்கெனவே போட்டிகளில் இறங்கிவிட்ட பிள்ளைகளும் இருக்கின்றனர். பள்ளிவாசலில் அவர்களை ஏளனமாகப் பார்ப்பவர்களிடம் நமக்கு உடன்பாடில்லை. ஏளனம் செய்தால் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் வெளியூர்ப் போட்டிக்குப் போவான். தலையில் பட்ட அடியையும் சொல்லாமல் மறைப்பான். வாந்தி, தலைவலி, மறதி என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிகாஹ் இல்லாத நாட்களில் மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அங்கே இரண்டு மணற்பைகளைத் தொங்கவிட்டு, பொறுப்பான ஒருவரை நிறுத்தினால் என்ன செலவாகிவிடும்?