தடம் மாறிய தமனியும் மலையோர மாரடைப்பும்

கரோனரி தமனி வழக்கமான இடத்தில் தொடங்காத ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், மருத்துவ மாநாடுகள் அதை வியந்து பேசும். அவர் மூணாறிலோ அட்டப்பாடியிலோ வாழ்பவராயின், அந்த விந்தை வெளிப்படும் ஆஞ்சியோகிராம் மேசைக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வதே ஐயம். இந்த ஐயத்தை ஆய்வுலகம் போதிய அளவு பேசுவதில்லை.

சிக்கல் மெய்யானதே. கிளீவ்லாந்து கிளினிக் 1990இல் வெளியிட்ட ஆய்வு, 1,26,595 ஆஞ்சியோகிராம்களில் 1.3 விழுக்காட்டில் தமனி மாறுபாடு கண்டது. இடப்புறம் பிறக்க வேண்டிய கிளை வலப்புறம் பிறந்திருக்கும். வழக்கமான வடிகுழாய் அதன் வாயைத் தேடித் தோற்கும். குழாயை மாற்றித் தேடும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடியும்.

ஆகவே இத்தகையோரை நேரே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே பாதுகாப்பு என்பது ஒரு வாதம். மாறுபாடோ ஆஞ்சியோகிராமுக்கு முன் பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே இவ்வாதம் நடைமுறையில் எல்லோரையும் மருந்தின்றி மலையிறக்குவதில்தான் முடியும். மூணாறிலிருந்து கோட்டயம் சுமார் 140 கிலோமீட்டர்.

ஈசிஜி உறுதிசெய்தபின் 120 நிமிடங்களுக்குள் வடிகுழாய்ச் சிகிச்சை இயலாதெனில், தடையில்லாத நோயாளிக்கு 10 நிமிடங்களுக்குள் இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். சிரை வழியே செலுத்தப்படும் அம்மருந்துக்குத் தமனி எங்கே பிறந்தது என்பது பொருட்டன்று. அதற்கான தடைகள் மூளை இரத்தக்கசிவு, அண்மையில் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சை போன்றவை. தமனியின் பிறப்பிடம் அவற்றுள் இல்லை.

மருந்து சிலருக்குத் தோற்கும் என்பதை மறுக்க இயலாது. அதனால்தான் ஊசி போட்டவுடன் ஆம்புலன்ஸ் புறப்பட வேண்டும். கட்டு கரைந்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் செய்யும் ஆஞ்சியோகிராமில் மருத்துவர் தடம் மாறிய தமனியைப் பதற்றமின்றித் தேடலாம்.

இது ஏட்டுக் கனவன்று. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு பிணைத்து நடந்த திட்டத்தில் 2,420 நோயாளிகள் ஆராயப்பட்டனர். ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. கேரளத்துக்கும் அறிவுப் பஞ்சமில்லை. 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் 25,748 இதய நோயாளிகளைப் பதிவுசெய்த மாநிலம் அது.

குமுளிக்குத் தேனி அருகே; அட்டப்பாடிக்குக் கோவை அருகே. சிகிச்சை வலையமைப்பைப் பயண நேரம் வகுக்கட்டும். மாநில எல்லை வகுக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத்தை அடுத்த மருத்துவமனையில் ஈசிஜியும் கரைப்பு மருந்தும் அதைச் செலுத்தத் துணிந்த மருத்துவரும் இருக்கட்டும். அபூர்வத் தமனியைப் பற்றிய கட்டுரையை, அந்த நோயாளி பிழைத்தபின் எழுதலாம்.