டெல்டாவின் நரியும் எலி நஞ்சும்

காவிரி டெல்டாவின் நஞ்சை வயல்கள் ஓநாய்க்கு உரிய இடமல்ல. வறண்ட புல்வெளியே அதன் வாழிடம். இங்கே அதன் பேரினத்தைச் சேர்ந்த நரி உண்டு. கோடியக்கரையில் வெளிமான் குட்டிகளை வேட்டையாடும் நரி, வயல்வெளியில் எலியையும் நண்டையும் தின்கிறது. இரண்டும் வரப்பைத் துளைப்பவை. சம்பளம் கேட்காத இந்தக் காவலைத்தான் நாம் இழந்து வருகிறோம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நரியை முதல் அட்டவணையில் சேர்த்தது. 'நரிக்கொம்பு' விற்போரை அது தடுக்கலாம். எலி நஞ்சைத் தடுக்காது. புரோமோடயலோன் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள்கள் தளர்ந்து திரியும். அதைத் தின்னும் நரிக்கும் கூகைக்கும் நஞ்சு சேர்கிறது. மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டிக்கு நஞ்சு வேண்டாம், ஆள்கூலிதான் வேண்டும். வேளாண்துறை முதலில் அந்தக் கூலிக்கு மானியம் ஒதுக்கட்டும் என்பேன். சம்பா கதிர் பிடிக்கும் முன்பே.