ஸுபஹுக்கு எழும்பாத மகள்

ஒரு பெண்பிள்ளை சில வாரங்களாக ஸுபஹுக்கு எழும்புவதில்லை. எழுப்பினால் எரிந்து விழுகிறாள். ஆசையாய்ச் சாப்பிடும் வட்டிலப்பத்தைக்கூடத் தொடுவதில்லை. நம் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: "புள்ளக்கி ஈமான் குறஞ்சி பெய்த்து." கொஞ்சம் இரக்கமுள்ள வீடென்றால், "கண்ணூறு பட்டிருக்கும்" என்பார்கள்.

இங்கே காரணமும் விளைவும் இடம்மாறிவிடுகின்றன என்பது என் கருத்து. தொழாததால் மனம் சோர்ந்தது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் மனம் சோர்ந்ததால்தான் அவளால் தொழ முடிவதில்லை. எதிலும் விருப்பம் அற்றுப்போவது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறி. அது வட்டிலப்பத்தை மட்டும் விலக்கிவிட்டுத் தொழுகையை விட்டுவைக்காது. அந்தப் பிள்ளையிடம் போய் "உனக்கு அல்லாஹ்வின் பயம் இல்லை" என்றால், ஏற்கெனவே தன்னை ஒன்றுக்கும் உதவாதவள் என்று நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு இன்னொரு சான்று கொடுத்ததாகிவிடும்.

பரீட்சை சரிவராவிட்டால் எவருக்கும் கவலை வரும். சில நாளில் தணியும். நோய் அப்படியல்ல. இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், கவலையோ வெறுமையோ நீடிக்கும். தூக்கம் கெடும், அல்லது பகல் முழுவதும் தூங்குவாள். படித்தது மனதில் நிற்காது. இளம் வயதில் அழுகையைவிடக் கோபமே அதிகம் தெரியலாம். தலைவலி, வயிற்றுவலி என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். பரிசோதித்தால் ஒன்றும் இராது. வகுப்பில் "சோம்பேறி" என்று நாம் பெயர் வைக்கும் பிள்ளைகளில் சிலரை மறுபடி பார்க்க வேண்டும் என்று சக ஆசிரியைகளுக்கும் சொல்லி வைக்கிறேன்.

இதெல்லாம் மேற்கத்தியர் கொண்டுவந்த கதை என்பாரும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்து 934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் எழுதியவர். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துக்கம் வேறு என்று பிரித்துக் காட்டி, இரண்டாவதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்றார். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்கள் பார்வையையே இழந்ததைக் குர்ஆன் வழியாக அறிவோம். அவர்களுடைய ஈமானில் யார் குறை காண்பார்?

ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உம்மா பக்கத்தில் இருந்து ஓதி ஊதினால் பிள்ளைக்கு ஆறுதல்தான். ஆனால் இஸ்முக்கும் தாயத்துக்கும் பணம் கொடுத்து ஊர் ஊராய் அலைந்து மாதங்களைக் கழிப்பதும், ஜின்னை விரட்டுவதாகப் பிள்ளையை அடிக்க விடுவதும் வேறு விஷயம். நீரிழிவுக்கு துஆவும் கேட்கிறோம், கிளினிக்குக்கும் போகிறோம். மனதுக்கு மட்டும் ஏன் இரண்டில் ஒன்று?

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். "மருந்தெடுக்கிற புள்ள என்டு தெரிஞ்சா யாரு கேட்டு வருவாங்க?" இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல; நம் ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதற்குப் பெண்ணின் உம்மா மட்டும் பொறுப்பாளியா? ஆண் பிள்ளைகளைப் பெற்ற உம்மாமாரும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறீர்கள். நாளை பெண் பார்க்கப் போகும்போது நீங்கள் என்ன விசாரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான், இன்று ஒரு பிள்ளை வைத்தியரிடம் போவதா இல்லையா என்பது தீர்மானமாகிறது. அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக மாற்றிய சமூகம் நாம்.

உண்மையில் அங்கொடை வரை போகத் தேவையுமில்லை. மனநலச் சேவைகள் மாவட்டங்களுக்குப் பரவ வேண்டும் என்பது 2005இன் தேசிய மனநலக் கொள்கையின் நோக்கம். இன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சையும் மருந்தும் இலவசம். நோய் இலேசாக இருந்தால் உளவளத்துணை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மருந்து எழுதினால் அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். நாலாம் நாள் "ஒன்றும் சரிவரல்ல" என்று நிறுத்துவதும், கொஞ்சம் சுகம் கண்டதும் நிறுத்துவதும் கூடாது. றமழானில் மருந்து நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடமே கேளுங்கள்; நீங்களாக விட்டுவிடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.

"வாழப் பிடிக்கல்ல" என்று பிள்ளை சொன்னால், ஹராம் என்ற பயானை அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம். ஹராம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தினால்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவளைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். பொலிஸுக்குப் பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல.

மாணவிகளுக்கு ஒன்று. உங்களுக்கு இப்படி இருந்தால் உம்மாவிடமோ ராத்தாவிடமோ சாச்சியிடமோ, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஆலோசனை வழிகாட்டல் அறைக்கு வாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதையும் உங்களுக்கு அறிவித்துவிட்டே செய்வோம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "டீச்சர், கொஞ்ச நாளா என்னால ஏலாம இருக்கு" என்றால் போதும். மிச்சத்தை மெதுவாகக் கேட்பது எங்கள் வேலை.